தண்டுவட உறையில் வைக்கும் பசை: எங்கே காக்கும், எங்கே நெருக்கும்

கோவையில் முதுகுத் தண்டு ஆபரேஷன் முடிந்து குன்னூருக்கோ கோத்தகிரிக்கோ திரும்புகிறவர்களின் டிஸ்சார்ஜ் சம்மரியில் சில சமயம் இப்படி ஒரு வரி இருக்கும்: 'உறையில் கிழிசல் ஏற்பட்டது, தைத்து, சீலன்ட் வைக்கப்பட்டது.' அதோடு சரி. எந்த சீலன்ட் (கிழிசலின் மேல் போடும் அடைப்புப் பசை), எத்தனை மில்லி, முதுகெலும்பின் எந்த மட்டத்தில் என்பதெல்லாம் இருக்காது. பத்து நாள் கழித்து மலையில் தலைவலியோ கால் மரத்துப்போவதோ வந்து உள்ளூர் மருத்துவமனைக்கு ஓடும்போது, அங்கே இருக்கும் டாக்டருக்கு முதலில் வேண்டியது அந்த விடுபட்ட விவரம்தான். ஒரே பசை, முதுகின் ஓரிடத்தில் நீர்க்கசிவை நிறுத்தும். இரண்டு விரற்கடை தள்ளி, எலும்பு நெருக்கிய இடத்தில் வைத்தால் நரம்பை அழுத்தும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் பக்கத்தில் 'ஜவ்வு' என்றால் இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கைத்தான் சொல்வார்கள். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல. தண்டுவடத்தையும் அதிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களையும் ஒரு குழாய்போல் சூழ்ந்திருக்கும் உறை இருக்கிறது. டியூரா என்பார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன்கூட இராது. அதன் உட்பக்கம் அரக்னாய்டு என்ற இன்னும் மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். இரண்டும் கிழிந்தால்தான் உள்ளே இருக்கும் தண்டுவட நீர் வெளியே வரும். பெரியவர்களுக்கு மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இந்த நீர் சுமார் 150 மில்லி இருக்கிறது. உடல் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரக்கிறது. ஆகவே ஓட்டை விழுந்தால் கொஞ்சம் ஒழுகிவிட்டுத் தானாக வற்றி நிற்காது. ஊற்று மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

அழுத்தக் கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். படுத்திருக்கும்போது இடுப்பு மட்டத்தில் இந்த நீரின் அழுத்தம் 10 முதல் 18 செ.மீ. நீர் உயரம். நிமிர்ந்து உட்கார்ந்தால் அதே இடத்தில் 40 செ.மீ.யை எட்டும். இருமினாலும் மலம் கழிக்க முக்கினாலும் அந்த நேரத்துக்கு அதற்கும் மேலே போகும். தியேட்டரில் குப்புறப் படுத்திருந்த நோயாளியின் உறையில் பசை போட்டதும் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை என்றால், அது படுத்த நிலைக்கான சான்று. அவர் எழுந்து உட்காரும்போதுதான் அந்த ஒட்டு உண்மையான பாரத்தைத் தாங்குகிறது.

உறை ஏன் கிழிகிறது? பெரும்பாலும், நரம்பை நெருக்கும் எலும்பையும் தசைநாரையும் கெரிசன் என்ற கடிப்பானால் துண்டு துண்டாகக் கடித்தெடுக்கும்போது. பச்சை இலை மூட்டையைச் சுமந்து சரிவில் இறங்குகிறவர்களும், கேத்திப் பக்கம் கேரட், உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களும் நீலகிரித் தைலம் தேய்த்தே வருடக்கணக்கில் வலியை ஓட்டிவிட்டு, நடக்க முடியாத நிலையில்தான் ஆபரேஷனுக்கு வருவதுண்டு. அப்படி முற்றிய நிலையில் தசைநார் தடித்து, சில இடங்களில் எலும்பாகவே மாறி, உறையோடு ஒட்டிப்போயிருக்கும். பிரிக்கும்போது உறையும் சேர்ந்து வரும். முதல்முறை செய்யும் இடுப்பு ஆபரேஷன்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இது நேர்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே ஆபரேஷன் செய்த முதுகைத் திரும்பத் திறந்தால் இது இரண்டு மூன்று மடங்கு. கிழிந்தது என்பதாலேயே கவனக்குறைவு என்று முடிவு கட்டக் கூடாது. கிழிந்ததைப் பார்க்காமல் விடுவதும், பார்த்தும் எழுதாமல் விடுவதும்தான் தவறு.

தையல்தான் முதல் வேலை

கிழிசல் தெரிந்ததும் செய்ய வேண்டியவற்றுக்கு ஒரு வரிசை உண்டு. ஈரப் பஞ்சுப் பட்டையை அதன் மேல் வைத்து நீர் ஓடுவதைக் குறைக்க வேண்டும்; சக்‌ஷன் குழாயை நேரடியாக ஓட்டை மேல் வைத்தால் நரம்பு வேர் உறிஞ்சப்பட்டு வெளியே வந்துவிடும். கிழிசலின் இரு முனைகளும் தெரியும்வரை எலும்பை எடுக்க வேண்டும். வெளியே பிதுங்கிய வேர்களை மெதுவாக உள்ளே தள்ளிய பிறகே ஊசியைத் தொட வேண்டும். வேர் ஒன்று தையலில் மாட்டிக்கொண்டால் கால் வலி ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகும். மைக்ரோஸ்கோப்பின் கீழ் 5-0 அல்லது 6-0 என்ற மிக மெல்லிய நூலால், ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உள்ளே குத்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் தைப்பார்கள்.

தைத்து முடித்த பிறகு மைக்ரோஸ்கோப்பில் உற்றுப் பார்த்தால், கிழிசல் மூடியிருக்கும். ஆனால் ஊசி குத்திய ஒவ்வொரு துளையிலும் பனித்துளி போல நீர் அரும்பி நிற்கும். ஊசி நூலைவிடப் பருமனாக இருப்பதால் துளையை நூல் முழுதாக அடைப்பதில்லை. கோர்டெக்ஸ் என்ற வகை நூலில் ஊசியும் நூலும் ஏறத்தாழ ஒரே பருமன் என்பதால் இந்தத் துளிக் கசிவு குறையும். பசை பிறந்தது இந்தத் துளைகளை மூடத்தான். வாயைப் பிளந்து நிற்கும் கிழிசலை மூட அல்ல.

அடுத்து சோதனை. மயக்க மருத்துவர் நுரையீரலை 30 முதல் 40 செ.மீ. அழுத்தத்தில் சில விநாடி நிறுத்திப் பிடிப்பார். தண்டுவட நீர் அழுத்தம் ஏறும். தையல் கசிந்தால் அப்போது தெரியும். பசை போடும் முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை என இரண்டு தடவை செய்வது நல்லது. முன்னால் செய்யாவிட்டால் மோசமான தையலைப் பசை மறைத்துவிடும்.

கிழிசல் வேர் கிளம்பும் பக்கவாட்டிலோ உறையின் முன்பக்கத்திலோ இருந்தால் ஊசி எட்டாது. அங்கே கொலாஜன் பட்டையோ, அதே காயத்தில் தோலுக்கு அடியிலிருந்து எடுத்த கொழுப்புத் துண்டோ, தசைத் துண்டோ வைத்து அதன் மேல் மெல்லிய பசை போடுவார்கள். செலவே இல்லாத அந்தக் கொழுப்புத் துண்டை இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. நோயாளியின் சொந்தத் திசு என்பதால் ஒவ்வாமையோ தொற்று பரவும் பயமோ கிடையாது.

இரண்டு பசைகள், இரண்டு சுபாவம்

அதிகம் புழக்கத்தில் இருப்பது ஃபைப்ரின் பசை. டிசீல் போன்றவை இந்த வகை. மனித ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரினோஜன் ஒரு சிரிஞ்சில், த்ராம்பின் இன்னொன்றில். இரண்டும் முனையில் கலந்ததும் ரத்தம் உறைவதன் கடைசிப் படி அங்கேயே நடக்கிறது. டிசீலில் ஒரு மில்லியில் 67 முதல் 106 மில்லிகிராம் ஃபைப்ரினோஜன் இருக்கும். சில விநாடிகளில் பிடித்தாலும் பலம் ஏற நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் பெரும்பங்கு பலம் வரும், முழுப் பலத்துக்கு இரண்டு மணி நேரம். இரண்டு வாரத்துக்குள் உடலே கரைத்துவிடும். இது பெரிதாக வீங்காது. ஆனால் ஒட்டும் வலு சுமார்தான். ஓடும் நீரின் மேல் ஊற்றினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

மலையில் இந்தப் பசைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. உறைநிலையில் வரும் சிரிஞ்சை -20 டிகிரி அல்லது அதற்கும் கீழே வைக்க வேண்டும். ஊருக்கு வெளியே உறைபனி கொட்டுகிறதே என்று மின்சாரம் போன ஃப்ரீசரை நம்ப முடியாது. புல்லில் உறைபனி படிவதற்கும் -20 டிகிரிக்கும் வெகுதூரம். மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியில் ஏறி வரும் வழியில் ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைக்கக் கூடாது. தூளாக வரும் வகைக்கு ஃப்ரீசர் வேண்டாம். மலை மருத்துவமனை வாங்கி வைப்பதானால் அதுவே ஏற்றது. ஆனால் எந்த வகையானாலும் 37 டிகிரிக்குச் சூடேற்றித்தான் பயன்படுத்த வேண்டும். டிசம்பர் காலையில் குளிர்ந்து கிடக்கும் தியேட்டரில் கரைத்த சிரிஞ்சை டிரேயில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஃபைப்ரினோஜன் கெட்டியாகிவிடும். தள்ளும்போது ஒரு பக்கம் அதிகமும் மறு பக்கம் குறைவுமாக வரும், சரியாகப் பிடிக்காது. மேலே சொன்ன ஊசித் துளைச் சோதனை முடியும்வரை சிரிஞ்சு வெதுவெதுப்பியிலேயே இருக்கட்டும்.

இன்னொன்று செயற்கைப் பசை: பாலிஎத்திலீன் கிளைகால் ஹைட்ரோஜெல். டியூராசீல் இதில் பெயர் பெற்றது. 2005-ல் அமெரிக்காவில் மூளை உறைக்கு அனுமதி பெற்றது. முதுகுக்கென்ற வகைக்கு 2009-ல் அனுமதி கிடைத்தது. ரத்தப் பொருள் எதுவும் இல்லாததால் வைரஸ் பயம் இல்லை. இரண்டு திரவம் கலந்த சில விநாடிகளில் நீலநிற ஜெல்லாகப் பிடித்துக்கொள்ளும். நீலச் சாயம் அழகுக்காக இல்லை. எவ்வளவு தடிமன் போட்டோம் என்று கண்ணால் அளக்கத்தான். ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் போதும். தெளிப்பதை நடுவில் நிறுத்தினால் முனை அடைத்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளாமல் முனையை மாற்ற வேண்டும். அழுத்தித் தள்ளினால் திடீரென்று ஒரு கட்டி வந்து விழும்.

இந்தப் பசையின் முதுகெலும்பு ஆய்வு 2011-ல் வெளியானது. 158 நோயாளிகள். தையலோடு இந்தப் பசை போட்டவர்களில் அத்தனை பேருக்கும் தியேட்டரிலேயே நீர்க்கசிவு நின்றது. வழக்கமான முறையில் அடைத்தவர்களில் 64.3 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. விளம்பரங்களில் வருவது இந்த எண்கள். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு நீர் கசிவதிலோ காயத்தில் தொற்று வருவதிலோ இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மேலும் அங்கே இருந்தவர்கள், வேறு சிகிச்சைக்காக உறையை வேண்டுமென்றே நேர்க்கோடாக வெட்டித் திறக்கப்பட்டவர்கள். கெரிசன் கடித்துப் பிய்த்த ஒழுங்கற்ற கிழிசல்காரர்கள் அல்ல. எங்கள் கணிப்பில், பசை நல்ல தையலுக்குக் கூடுதல் காவல். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க இந்த ஆய்வு இடம் தரவில்லை.

வீங்கும் ஜெல்

ஹைட்ரோஜெல் நீரைக் குடிக்கும். மூளைக்கான பழைய டியூராசீல் எந்தப் பக்கமும் 50 சதவீதம்வரை வீங்கலாம் என்று அதன் பயன்பாட்டுக் குறிப்பே சொல்கிறது. கணக்குப் போட்டால் பயம் புரியும்: நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றரை மடங்கானால் கன அளவு மூன்று மடங்கைத் தாண்டுகிறது. தலையில் எலும்பு மூடிக்கும் மூளைக்கும் நடுவே கொஞ்சம் இடம் கிடைக்கும். முதுகெலும்பின் குழாய் அப்படி அல்ல. கழுத்துப் பகுதியில் தண்டுவடத்தைச் சுற்றி இருப்பதே சில மில்லிமீட்டர்தான். குழாய் ஏற்கெனவே குறுகியவர்களுக்கு அதுவும் இராது. மூளைக்கான வகையைக் கழுத்தில் வைத்துக் கை கால் செயலிழந்த நேர்வுகளும், இடுப்பில் வைத்துச் சிறுநீர் அடைத்துக்கொண்ட நேர்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. திறந்து ஜெல்லை எடுத்த பிறகு தேறியவர்கள் உண்டு. மிகக் குறைவாக வீங்கும் முதுகெலும்பு வகையும் வந்திருக்கிறது. ஆனாலும் எச்சரிக்கை மாறவில்லை: நரம்பு போகும் இடத்தில், எலும்பு சூழ்ந்த இடுக்கில் இதை வைக்கக் கூடாது. எலும்பை அகலமாக எடுத்த இடத்தில், உறையின் பின்பக்கத்தில் மட்டுமே. வேர் வெளியேறும் துளைக்குள் ஒழுகியிருந்தால் கரண்டி முனையால் எடுத்துவிட வேண்டும்.

ஜெல்லை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது. ரத்தம் நிற்க வைக்கும் ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ் துணியும், ஜெலட்டின் பஞ்சும், ஜெலட்டின்-த்ராம்பின் குழம்பும் தாமே வீங்கக்கூடியவை. ஒன்றை வைத்து, மேலே இன்னொன்று, அதற்கும் மேலே பசை என்று அடுக்கினால் வீக்கமும் அடுக்கடுக்காக ஏறும். ரத்தம் நின்றதும் செல்லுலோஸைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் பசைக்குப் போக வேண்டும்.

பசையை உறையின் இரு ஓரங்களுக்கு நடுவே இறக்குவதும் பிழை. காயம் ஆறுவதற்கு ஓரத்திலிருந்து செல்கள் நகர்ந்து எதிர் ஓரத்தைத் தொட வேண்டும். நடுவில் வாரக்கணக்கில் கரையாத ஜெல் உட்கார்ந்தால் அது வழியை மறிக்கும்; ஜெல் கரையும்போது ஓட்டை அப்படியே இருக்கும்.

டிரானெக்ஸாமிக் அமிலம், ஸ்ப்ரே, ஒவ்வாமை

ஃபைப்ரின் கட்டி சீக்கிரம் கரையாமல் இருக்க அதில் ஒரு காப்புப் பொருள் சேர்ப்பார்கள். குவிக்ஸில் என்ற பசையில் டிரானெக்ஸாமிக் அமிலம் இருந்தது. ரத்தப்போக்கைக் குறைக்கச் சிரையில் ஏற்றும் அதே மருந்துதான். ரத்தத்தில் அது நல்லது செய்கிறது. தண்டுவட நீரில் கலந்தால் வலிப்பை உண்டாக்கும், உயிரையும் பறிக்கும். அதனால் அந்தப் பசையை மூளை, தண்டுவட ஆபரேஷனில் பயன்படுத்தவே கூடாது என்றார்கள். அதற்குப் பின் வந்த எவிசெல்லில் அந்த அமிலம் இல்லை. தண்டுவடத்தில் தவறுதலாக இந்த மருந்து போடப்படுவது பற்றி உலக சுகாதார நிறுவனமும் 2022-ல் எச்சரித்தது. ஆகவே இரண்டு காரியம்: பசை அட்டையில் காப்புப் பொருள் எது என்று படிக்க வேண்டும், முதுகு ஆபரேஷனில் டிரானெக்ஸாமிக் அமிலம் நனைத்த பஞ்சைக் காயத்தில் வைக்கும் பழக்கம் இருந்தால், உறை கிழிந்த கணமே அந்தப் பஞ்சை எடுத்துக் கழுவிவிட வேண்டும். சிரை வழியாக ஏற்றுவது வேறு விஷயம்; அதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை.

காற்றழுத்தத்தில் ஸ்ப்ரே செய்யும்போது ரத்தக் குழாய்க்குள் காற்று புகுந்து உயிராபத்து ஏற்பட்டதாக 2010-ல் அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குப்புறப் படுத்த நோயாளியின் முதுகுக் காயம் இதயத்துக்கு மேலே இருக்கும். எலும்பு வெட்டிய இடத்தில் சிரைகள் திறந்து கிடக்கும். காற்று உள்ளே போக இதைவிட வசதி வேண்டாம். முதுகில் ஃபைப்ரின் பசையைக் குழல் முனையால் சொட்டு சொட்டாக வைப்பதே பாதுகாப்பு.

டிசீல் போன்ற சிலவற்றில் காப்புப் பொருள் அப்ரோட்டினின் என்ற புரதம். முதல் தடவை ஒன்றும் செய்யாமல், இரண்டாம் தடவை கடும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். மறு ஆபரேஷனுக்கு வருகிறவருக்குப் போன முறை என்ன பசை வைத்தார்கள் என்பது இதனாலும் தெரிந்தாக வேண்டும். மாட்டுப் புரதத்தையும் குளூட்டரால்டிஹைடையும் கொண்ட பயோக்ளூ பெருநாடிக்காக வந்த பசை. அதிலுள்ள ரசாயனம் நரம்புக்குக் கேடு. பலமாக ஒட்டும் என்பதற்காக அதைத் தண்டுவட உறைக்குக் கொண்டுவரக் கூடாது.

மலை ஏறிய பிறகு

உறை கிழிந்து தைத்தவர்கள் தியேட்டரை விட்டு வரும்போது உறைக்குள் கொஞ்சம் காற்று இருக்கலாம். அது மேலே தலைக்கும் போகும். பொதுவாக ஓரிரு வாரத்தில் தானாகக் கரையும். கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், உதகை 2,240 மீட்டர். இந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் குறைவதால், மூடிய இடத்தில் சிக்கிய காற்று கால் பங்கு பெருக்க முயலும். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தமும் ஏறக்குறைய உதகையின் அழுத்தம்தான். மண்டைக்குள் காற்று இருப்பவரை விமானத்தில் ஏற்ற டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்களோ, அதே காரணம் மலைப்பாதைக்கும் பொருந்தும். டிஸ்சார்ஜ் ஆகும்முன் 'வீடு உதகையில்' என்று வாய்விட்டுச் சொல்லி, எப்போது ஏறலாம் என்று கேட்க வேண்டும். மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்து வளைவுகளில் குலுங்குவது அந்த 40 செ.மீ. அழுத்தத்தைத் தையலின் மேல் வைப்பதாகும். பின் சீட்டில் படுத்து வருவது மேல். மலைக் குளிரில் இருமல் வந்தால் உடனே மருந்து எடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கும் அப்படியே.

எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் தணிவு என்றால் நீர் கசிகிறது என்று பொருள். காயத்தின் மேல் போட்ட கட்டுத்துணியில் தெளிந்த ஈரம் தெரிந்தாலும் அதேதான். சந்தேகமிருந்தால் அந்த நீரில் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம். கழுத்து விறைத்துக் காய்ச்சலும் வந்தால் மூளைக்காய்ச்சலை நினைக்க வேண்டும். சிறுநீர் போகவில்லை, தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி இல்லை, கால் பலம் குறைகிறது என்றால் அது நெருக்கம். ரத்தக் கட்டியாகவும் இருக்கலாம், வீங்கிய ஜெல்லாகவும் இருக்கலாம். எதுவானாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே எம்.ஆர்.ஐ. எடுத்து, தேவைப்பட்டால் திறக்க வேண்டும்.

அந்த எம்.ஆர்.ஐ.யில்தான் விடுபட்ட விவரம் கடிக்கிறது. ஹைட்ரோஜெல்லில் பெரும்பகுதி நீர். படத்தில் அது தேங்கிய தண்டுவட நீர் போலவே வெள்ளையாகத் தெரியும். ஜெல் வைத்தது தெரியாத ரேடியாலஜிஸ்ட் 'நீர்க்கசிவுத் தேக்கம்' என்று எழுதுவார். தேவையில்லாமல் முதுகு திரும்பத் திறக்கப்படலாம். மறுபக்கம், நரம்பை அழுத்தும் ஜெல்லை வெறும் நீர் என்று எண்ணி ஊசியால் உறிஞ்ச முயன்று நேரம் வீணாகலாம்; ஜெல் ஊசியில் வராது.

ஒவ்வொரு பசைப் பெட்டியிலும் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். கண் லென்ஸுக்கு ஒட்டுவதுபோல இதையும் கேஸ் ஷீட்டில் ஒட்டலாம்; அதை ஒரு போட்டோ எடுத்து நோயாளியின் போனில் வைத்துவிடலாம். தீங்கு நேர்ந்தால் இந்தியாவில் அதைப் பதிவு செய்ய வழி இருக்கிறது: ஃபைப்ரின் பசை மருந்தாகக் கருதப்படுவதால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்திலும், ஹைட்ரோஜெல் மருத்துவச் சாதனம் என்பதால் 2015-ல் தொடங்கிய சாதனக் கண்காணிப்புத் திட்டத்திலும் பதிய வேண்டும். இரண்டையும் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800-180-3024. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை, நோயாளியின் வீட்டாரும் சொல்லலாம். அந்தப் படிவத்தில் கேட்கும் தொகுதி எண், அந்த ஸ்டிக்கரில் இருப்பதுதான்.